அம்மாவுக்கென்று வாங்கிய பாய்லர்

பஞ்சாலையில் இரவு வேலை முடிந்து அம்மா வீட்டுக்குள் நுழையும்போது, எண்ணெயும் பஞ்சுத்தூசியும் கலந்த ஒரு வாசனை அவளுக்கு முன்னால் வரும். தலைமுடி, புருவம், மூக்குத்துவாரம் எங்கும் வெள்ளையாய்ப் பஞ்சு ஒட்டியிருக்கும். அப்படியே பச்சைத் தண்ணீரில் குளித்தால் நெஞ்சு இறுகி மதியம் வரைக்கும் இருமுவாள். பகலில் தூங்கினால்தானே மறுபடியும் வேடசந்தூர் மில் பஸ்ஸில் ஏற முடியும்? ஒரு குளியலுக்கு "வெந்நி" வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

அதற்கு அப்போது "பாய்லர்" என்று ஒன்று உண்டு, பிள்ளைகளே. செம்பில் செய்த பாத்திரம். நடுவில் ஒரு குழாய், அதற்குள் விறகும் தேங்காய்ச் செரட்டையும் எரியும், குழாயைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். மேலே ஒரு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்றினால்தான் மூக்கு வழியாக ஒரு குடம் வெந்நீர் வெளியே வரும். அதனால் முதலில் குளிக்கிறவருக்குக் கொதிக்கக் கொதிக்கக் கிடைக்கும், கடைசி ஆளுக்கு வெதுவெதுப்புதான்.

திண்டுக்கல் பாத்திரக்கடைக்கு அப்பா, பெரியப்பா, அம்மா, நான் நால்வரும் போனோம். அம்மா நேராகப் போய், இடுப்புயரம்கூட இல்லாத ஒரு சின்னப் பாய்லர் மேல் கை வைத்தாள்.

"ஏங்க, இது போதும். நாலு செரட்டையப் போட்டா நான் கொண்டைய அவுக்குறதுக்குள்ள கொதிச்சிரும்" என்றாள் அப்பாவிடம்.

பெரியப்பா சிரித்தார். "ஏத்தா, டீக்கடையா வைக்கப் போறோம்? நாலு பேரு வந்து போற வீடு. பாத்தா பாய்லர்னு தெரிய வேணாமா?"

கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். "அந்தா அந்தப் பெருசப் பாருங்கண்ணே. யானைக் குட்டி கணக்கா நிக்கும்."

பெரியப்பா விரல் முட்டியால் அதைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார், என்னமோ கோயில் மணி வாங்க வந்தவர் போல. தீ மூட்டப் போகிறவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்தார். பெரியதை வாங்கி வந்து கொல்லையில் நிறுத்தி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "தம்பி சம்சாரத்துக்குத்தான் வாங்குனது, பாவம், மில்லுக்குப் போற பிள்ளை" என்றார் பெரியப்பா.

மில்லிலிருந்து வந்ததும் வராததுமாக அந்தப் பாவப்பட்ட பிள்ளைதான் அதற்குத் தீ மூட்டியது. ஒரு கட்டு பருத்திமார் விறகை அது விழுங்கிய பிறகுதான் தண்ணீர் சூடேறும். சூடேறியதும் பெரியப்பா குளிப்பார், பிறகு அப்பா, பிறகு பெரியப்பா மகன்கள். "ஆம்பளைக வேலைக்குப் போகணும்ல" என்பார்கள். வேலைக்குப் போய்விட்டு வந்து பஞ்சுத் தலையோடு உட்கார்ந்திருப்பவள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வாங்கிய பிறகும் அவள் இருமிக்கொண்டுதான் இருந்தாள்.

ஒருநாள் தண்ணீர் கொதித்ததும், பெரியப்பா பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, கழுவி விடுவதற்கென்று அடியில் இருந்த திருகை அம்மா திறந்தாள். இருந்த வெந்நீரையெல்லாம் இரண்டு அண்டாவில் பிடித்துக்கொண்டு குளியல் மறைப்புக்குள் போய்விட்டாள். வெறும் பாய்லருக்குள் தீ எரிந்தது. முதலில் தண்ணீர், அப்புறம்தான் தீ என்பது எங்கள் வீட்டுக் கைக்குழந்தைக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியாதா? இணைப்புகளில் பற்றவைத்த ஈயம் உருகிச் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது.

"ஏலே, உம் பொண்டாட்டி பாய்லரக் கொன்னுபுட்டாடா! அம்புட்டுத் திமிரு!" என்று பெரியப்பா வாய் நுரையோடு கத்தினார்.

அம்மா ஈரத்தலையோடு வெளியே வந்தாள். "எனக்குன்னுதான வாங்குனீக? நான் குளிச்சிட்டேன்" என்றாள். அன்றைக்கு அவள் இருமவில்லை.

அடுத்த பாய்லர் வாங்க ஆண்கள் மட்டும் போனார்கள். திருகு இல்லாததாக, அடியைத் தடவித் தடவிப் பார்த்து வாங்கி வந்தார்கள். அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரியப்பா இன்று இல்லை. அந்தப் பாத்திரக்கடை செல்போன் கடையாகிவிட்டது. பாய்லரை என் மகன்கள் பார்த்ததுகூட இல்லை. எங்கள் குளியலறையில் ஹீட்டர் இருக்கிறது, சுவிட்சைத் தட்டினால் பத்துப் பேருக்கு வெந்நீர் வரும். ஆனாலும் அம்மா துண்டோடு கதவோரம் நின்று, "எல்லாரும் குளிச்சிட்டீகளாப்பா?" என்று கேட்கிறாள். "ஆச்சு அப்பத்தா" என்று செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே என் மகன்கள் சொல்கிறார்கள். "கரண்டு வீணாப் போகுது" என்று முணுமுணுத்துக்கொண்டு, சுவிட்சை அணைத்துவிட்டு அவள் உள்ளே போகிறாள். செத்த நேரத்தில் இருமல் சத்தம் கேட்கிறது.