மூத்த மருமகளுக்குப் பதில் ஆள் இல்லை

கனகலட்சுமி அக்கா பார்க்கும் சீரியல்கள் மொத்தம் நான்கு. நான்கும் திங்கள் முதல் சனி வரைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் பழைய படம் ஒன்றைப் போட்டு ஏமாற்றிவிடுவார்கள். உசிலம்பட்டி மெயின் ரோட்டில் ஒரு தையல் கடைக்குள் நான்கு பெண்கள் கூடித் தாயம் உருட்டத் தொடங்கியதற்கு அந்த வெறும் மத்தியானம்தான் காரணம். ஊரில் வேறு காரணங்கள் சொன்னார்கள். சூதாட்டம் என்றார்கள். குறி பார்க்கிறார்கள் என்றார்கள். எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சத்யப்ரியாவாகிய நான் அந்த நான்கு பேரில் ஒருத்தி. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் படிக்க வேண்டாம்.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் ஆடு என்று பிழைத்த மானாவாரி வீட்டில் பிறந்தவர். பத்தாவது வரை படித்தார். லாரி ஓட்டிய கணவர் விபத்தில் போனபோது மகளுக்கு எட்டு வயது. அன்றிலிருந்து ஜாக்கெட் தைக்கிறார். ஒருமுறை கல்யாணப் பெண் ஒருத்தி முதுகுப் பக்கம் கழுத்தை இறக்கி வைக்கச் சொன்னாள். கூட வந்த வருங்கால மாமியார் ஏற்றி வைக்கச் சொன்னார். "போடப் போறது யாரு?" என்று ஒரே கேள்விதான் கேட்டார் அக்கா. கழுத்து இறங்கியது. அந்த மாமியார் அதற்குப் பிறகு கடைப் பக்கம் வரவே இல்லை. அக்கா அதற்காகக் கவலைப்பட்டதும் இல்லை.

மகள் கோயம்புத்தூரில் காலேஜ் படித்தாள். ஒரு லீவில் வந்தபோது பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே இருபது முகம் கொண்ட தாயக்கட்டை, இங்கிலீஷில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம், அட்டையில் வாளும் பூதமுமாகப் படம். இது என்னடி என்று அக்கா கேட்டதற்கு அவள் சொன்னது இவ்வளவுதான். நாலைந்து பேர் ஆளுக்கு ஒரு வேஷத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். என்ன நடக்கிறது என்று ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போவார். அந்த இடத்தில் தன் ஆள் என்ன செய்கிறாள் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைத் தாயம் சொல்லும். வாரா வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சீரியல்தான்டி. டைரக்டரு நானு. டி.ஆர்.பி.க்குப் பதில் தாயம். இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய புத்தகம்?" என்றார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். லீவு முடிந்து கிளம்பும்போது பெட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அக்கா சொன்னதில் தப்பே இல்லை என்று அடித்துச் சொல்வேன். அந்தப் புத்தகத்தில் எல்லாக் கதையும் முன்பின் தெரியாத நாலு பேர் ஒரு சத்திரத்தில் சந்திப்பதில் தொடங்குமாம். நம் சீரியலில் கல்யாண மண்டபம். அங்கே செத்த மந்திரவாதி திரும்பி வருவான், இங்கே செத்த சித்தப்பா முகத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வருவார். கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்காமல் இரண்டிலும் ஒரு காரியம் நடக்காது. முக்கியமான கதவு திறக்கும்போது "தொடரும்" என்று போடுவதும் இரண்டிலும் உண்டு. வாளும் பூதமும் உயர்ந்த சங்கதி, மாமியார் மருமகள் மட்டம் என்று மூக்கைச் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பூதத்தோடு ஒரு வீட்டில் குடும்பம் நடத்திப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் ஒச்சாயியும் போனோம். ஒச்சாயி அக்கம்பக்கத்தில் பால் ஊற்றுகிறவர், அறுபது தாண்டியவர், வாய் சும்மா இருக்காது. அக்கா கதையைத் தொடங்கினார். பெரிய மண்டபம், முகூர்த்த நேரம், மேளம் கொட்டுகிறது, மணப்பெண்ணைக் காணவில்லை. சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம்.

"அப்பறம் என்னாச்சு?" என்றார் ஒச்சாயி.

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான் தேடணும்."

"ஆத்தாடி, கத சொல்றவ நீ. ஒனக்குத் தெரியாமயா? அந்தப் புள்ள எவன்கூடப் போச்சு, அதச் சொல்லு மொதல்ல."

மூன்று வாரம் இதே கதைதான். இருபது வருடமாக சீரியல் பார்த்துப் பழகியதில், உட்கார்ந்து பார்ப்பதும் அழுவதும் அப்புறம் என்று கேட்பதும்தான் எங்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் ஏதாவது செய்யலாம் என்பதே எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. மணப்பெண் மூன்று வாரமும் காணாமலேயே இருந்தாள். எங்கள் மேல் அக்காவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நான்காம் வாரம் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க செல்லக்கிளி வந்தாள். ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஊரில் பாதிப் பேருடைய நரம்பு அவளுக்கு மனப்பாடம். அளவு எடுக்கும்வரை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் பொறுமை இழந்து, "அக்கா, நான் மண்டபத்துப் பின்வாசலப் போய்ப் பாக்குறேன்" என்றாள்.

அக்கா முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். "பத்துக்கு மேல உருட்டு" என்று தாயத்தை நீட்டினார். பதினெட்டு விழுந்தது. பின்வாசலில் மணப்பெண்ணின் ஒற்றைக் கொலுசு கிடைத்தது. அன்றுதான் ஆட்டம் உண்மையில் தொடங்கியது. செல்லக்கிளி மூத்த மருமகள் ஆனாள், ஒச்சாயி மாமியார், நான் வக்கீல். மூத்த மருமகள் அழ மாட்டாள். யாராவது பாயசம் நீட்டினால் முதலில் அவர்களையே குடிக்கச் சொல்வாள். சீரியலில் தொள்ளாயிரம் எபிசோடு வரை பொறுத்துப் போகிற பெண்களைப் பார்த்துப் பார்த்து வெந்து கிடந்த எங்களுக்கு, அவள் பேசப் பேச வயிறு குளிர்ந்தது.

செல்லக்கிளியின் வீடு ஊருக்கு வெளியே காலனியில். நாங்கள் மூன்று பேரும் ஊர்த்தெருக்காரர்கள், ஒரே சாதி. அவள் வேறு. ஒரே தட்டில் வடையை வைத்து நான்கு பேரும் எடுத்துத் தின்றோம். ஆரம்பத்தில் ஒச்சாயி மட்டும் தன் பங்கை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்வார். எந்த வாரத்திலிருந்து அதை விட்டார் என்று நாங்கள் கவனிக்கவில்லை.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதையில் மாமியார் செய்த சதி அம்பலமானது. தப்பிக்க ஒச்சாயிக்குப் பதினாலு வேண்டும். விழுந்தது மூன்று. எழுந்து நின்று மூத்த மருமகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் அக்கா. ஒச்சாயி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த செல்லக்கிளி முன்னால் கைகட்டி நின்று, "தாயீ, பெரிய மனசு பண்ணி என்னைய மன்னிச்சுரு" என்று தொண்டை கம்மச் சொன்னார்.

வெக்கைக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். தைத்த துணி வாங்க வந்த ஒரு அம்மா வாசலில் நின்று அதைப் பார்த்தாள். துணியை வாங்காமலே போய்விட்டாள். ஒச்சாயி காலனிப் பிள்ளை முன்னால் கைகட்டி நிற்கிறாள் என்ற செய்தி, பொழுது சாய்வதற்குள் மாட்டுச் சந்தை வரை போய்விட்டது.

மாட்டுச் சந்தையில் பெரிய கை நல்லகாமன், அக்காவின் கூடப் பிறந்த அண்ணன். தையல் கடை இருக்கும் கட்டிடம் அவருடையது. தங்கை தாலி இழந்து வந்தபோது அந்த அறையைத் திறந்து கொடுத்தவர் அவர்தான், அதை நான் மறைக்கவில்லை. மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்தார். நான் ஜெராக்ஸ் தாள் கட்டோடு அங்கே நின்றிருந்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆட்டத்த நிப்பாட்டுன்னு சொல்லலம்மா. வெளாடுங்க. அந்தப் புள்ளைய மட்டும் மாத்து" என்றார். "சீரியல்ல மாத்துறதில்லையா? 'இவருக்குப் பதில் இவர்'னு ஒரு கார்டு போடுறான், மறுநாளு புது மூஞ்சி வருது, கத பாட்டுக்கு ஓடுது. நம்ம தமிழ்ச்செல்வி இருக்கால்ல, அவள வச்சுக்க. அத்த கடைக்கு அண்ணன் மக வந்தா யாரு என்ன சொல்லப் போறா?"

"மாத்தலைன்னா?"

"கடையக் காலி பண்ணிக்க. ஞாயித்துக்கெழம வாரேன்."

இவருக்கு மாதா மாதம் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுப்பது செல்லக்கிளிதான். அங்கே சட்டைக் கையை அவரே மடித்துவிட்டு நீட்டுவார். ஊசி குத்தும்போது வராத தீட்டு தாயம் உருட்டும்போது வந்துவிட்டது.

இவ்வளவு வீரம் பேசுகிற நான் அன்றைக்கு என்ன செய்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவர் போனதும் அக்காவிடம் ஒரு யோசனை சொன்னேன். "சீரியல்ல நடிகைக்குப் பிரசவம்னா அந்தப் பாத்திரத்த வெளியூர் அனுப்பிருவாங்கள்லக்கா. அது மாதிரி மூத்த மருமகள ஆறு மாசம் டெல்லிக்கு அனுப்பிருவோம். சூடு ஆறுனதும் வரட்டும்." அக்கா தவறாக வெட்டிவிட்ட துணியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

செல்லக்கிளிக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. சனிக்கிழமை வேலை முடிந்து யூனிஃபார்மோடு நேராகக் கடைக்கு வந்தாள். உள்ளே வந்து உட்காரவில்லை.

"அக்கா, ஒங்களுக்குக் கஷ்டம் வேணாம், நானே நின்னுக்கிறேன்னு சொல்லுவேன்னு எதிர்பாக்குறீங்களா?"

அக்கா மெஷினை நிறுத்தினார்.

"சொல்ல மாட்டேங்க்கா. பள்ளிக்கூடத்துலயும் நானா ஒதுங்கிக்கிட்டேன், கோயில்லயும் நானா ஒதுங்கிக்கிட்டேன். எல்லாருக்கும் வசதியாப் போச்சு. இங்க நானா போக மாட்டேன். போகணும்னா நீங்க வாயத் தொறந்து சொல்லுங்க, போறேன்."

அக்கா வாயைத் திறக்கவில்லை. இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. செல்லக்கிளி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எனக்கு அக்கா மேல்கூடக் கோபம் வந்தது. ஆனால் அவர் பிழைப்பும் அந்த அறைதான், மகளின் படிப்பும் அந்த அறைதான். அதை நினைத்துக்கொண்டே என் கடைக்குத் திரும்பிப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு செல்லக்கிளி வந்து அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒச்சாயி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நின்னது நானு, வலிக்கிறது எம்முட்டி. இதுல அவனுக்கு எங்க நோகுது?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி முனகினார். சொன்னபடி நல்லகாமன் வந்தார். பின்னால் அவர் மகள் தமிழ்ச்செல்வி, மதுரையில் பி.காம். படிக்கிறவள், தலையைத் தூக்காமல் செல்போனைப் பார்த்தபடி வந்தாள்.

செல்லக்கிளியை அவர் பார்க்கவே இல்லை. தங்கையிடம், "சொல்லும்மா" என்றார்.

அக்கா கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றினார். "அண்ணே, நானும் யோசிச்சேன். ஆள மாத்துறத டி.வி.ல எத்தனையோ தடவ பாத்துருக்கேன். வீட்டுக்குள்ள பத்துப் பேரு இருப்பாங்க. நேத்துவரைக்கும் இருந்தவ எங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. புருசங்காரன்கூடக் கேக்க மாட்டான். புதுசா வந்தவ காப்பி குடுப்பா, வாங்கிக் குடிப்பாங்க. அதப் பாக்குறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். அந்தக் காப்பிய எனக்குக் குடிக்கத் தெரியாதுண்ணே."

"ஆட்டத்துக்காகக் கடைய விடுவியா?"

"ஆட்டத்துக்காக இல்லண்ணே. நேத்து இந்தப் புள்ள நேருக்கு நேரா நின்னு கேட்டுச்சு. பதில் சொல்லாம முழுங்கிட்டேன். ராத்திரி சோறு எறங்கல."

"இந்த வாசலத் தாண்டுனா அண்ணன்னு ஒருத்தன் இல்லன்னு வச்சுக்க."

அக்காவுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை. "சரிண்ணே" என்றார். அவ்வளவுதான். தைக்காத துணிகளை ஒரு பழைய சேலையில் போட்டு மூட்டை கட்டினார். எங்கே போகப் போகிறார் என்று அவருக்கே தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"என் கடையில எடம் இருக்குக்கா" என்றேன். உண்மையில் இல்லை. ஜெராக்ஸ் மெஷின் போக இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும். ஆனாலும் அந்த வாரம் முழுக்க என் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான வார்த்தை அதுதான்.

ஒச்சாயி துணி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். நான் தாயக்கட்டையும் புத்தகமும் இருந்த பெட்டியையும் இஸ்திரிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டேன். அக்கா ஒரு பக்கம், செல்லக்கிளி ஒரு பக்கம் தையல் மெஷினைப் பிடித்தார்கள். அந்தக் காலத்து இரும்பு ஸ்டாண்டு, வாசல்படி வரை வந்து இறங்காமல் நின்றுவிட்டது. மெயின் ரோட்டில் டீக்கடைக் கூட்டம் முழுக்க எழுந்து நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

உள்ளே காலி அறையில் அப்பாவும் மகளும் நின்றார்கள். தமிழ்ச்செல்வி செல்போனைப் பைக்குள் போட்டாள். வாசலுக்கு வந்தாள்.

"அத்தே, நானும் வரட்டா?"

"என்னைய எதுக்குக் கேக்குற? அந்தா நிக்கிதுல்ல, அதக் கேளு" என்றார் அக்கா.

செல்லக்கிளி அவளைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தாள். "மூத்த மருமக நான்தான். அது ஒனக்குக் கெடையாது."

"வேணாம். வேற ஏதாச்சும் குடுங்க."

"அதப் பொறவு பாப்போம். மொதல்ல இந்தப் பக்கம் வந்து புடி, கை கடுக்குது."

தமிழ்ச்செல்வி குனிந்து மெஷினின் அடிப்பக்கத்தைப் பிடித்தாள். "ஏ தமிழு!" என்று நல்லகாமன் உள்ளேயிருந்து அதட்டினார்.

"இருங்கப்பா, ரெண்டு கையும் வேலையா இருக்கு" என்றாள் அவள். திரும்பிப் பார்க்கவில்லை.