படத்தில் மட்டும் அடைபட்ட ஓட்டை

என் அண்ணியின் தொழில் டார்னிங். கிழிந்த துணியில் ஒவ்வோர் இழையாகக் கோத்து, கிழிசல் இருந்த இடமே தெரியாமல் அடைப்பது. தெரிந்தால் தையல், தெரியாவிட்டால்தான் டார்னிங் என்பாள். இப்படி ஒரு தொழிலுக்கு விளம்பரம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். நன்றாகச் செய்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

பதினாறு வருஷமாக அவளுக்கு விளம்பரமே தேவைப்படவில்லை. தெருமுனைச் சலவைக் கடைக்காரர் கிழிசல்களை மூட்டை மூட்டையாக அனுப்பிக்கொண்டிருந்தார். மாத முடிவில் கடையை மூடப்போவதாக அவர் சொன்னதும், நான் சும்மா இருக்கவில்லை. நான் வேலை செய்யும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், சட்டை மடிக்கும் பிரிவில் அவளுக்கு ஓர் இடம் பிடித்தேன். சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய இடம்.

"சட்டை மடிக்கவா? என்னால முடியாது. மாசக் கடைசிக்குள்ள நானே ஆள் பிடிக்கிறேன்," என்றாள்.

"எப்படி அண்ணி? வாசல்ல நின்னு கூவப் போறீங்களா?"

"போட்டோ போடப் போறேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் கைபேசியில் இருக்கும் படங்களில் பாதி அவளுடைய கட்டைவிரல்தான். ஆனால் அவள் பிடித்தால் பிடித்ததுதான், என் அண்ணனைக் கேட்டால் சொல்வான். என் பழைய மடிக்கணினியைப் பிடுங்கிக்கொண்டு போய், படம் திருத்த இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருளை இறக்கி, சாப்பாட்டு மேஜையில் கடை விரித்தாள். முதல் நாள் படம் தலைகீழானது, நிமிர்த்தத் தெரியவில்லை. மறுநாள் ஓரத்தை வெட்டப் போய் நடுவை வெட்டினாள். செய்ததை ரத்து செய்ய ஒரு பொத்தான் இருக்கிறது என்று நான் காட்டியதும் என் மேல் பாய்ந்தாள். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? வாய்க்குப் பூட்டா போட்டிருந்த?"

நாலாம் நாள் ஒரு கருவி அவள் கையில் சிக்கியது. படத்தில் ஓரிடத்தில் இருப்பதை எடுத்து இன்னோர் இடத்தில் பூசுவது. எனக்கு அது பிடிபட ஒரு மாதம் ஆனது, அவளுக்கு ஒரு நிமிஷம்.

"அடியே, இது என் வேலைடி! மடிப்புக்குள்ள இருந்து இழையை உருவி ஓட்டையில கோக்கறேன்ல, அதேதான்!"

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சலவைக் கடையிலிருந்து கடைசியாக வந்தது ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டு. முழங்கையில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. இரண்டு நாள் உட்கார்ந்து அடைத்தாள். அடைக்கும் முன் ஒரு படம், அடைத்த பின் ஒரு படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, படம் பகிரும் தளத்தில் போட்டாள். நாற்பது பேர் பாராட்டினார்கள். கடைக்காரர் அதைப் பெருமையாக வக்கீலுக்கும் காட்டிவிட்டார்.

வக்கீல் படத்துக்குக் கீழே எழுதினார். "கோட்டு என்னுடையது. பைக்கு அடியில் பூச்சி அரித்த சின்ன ஓட்டை ஒன்று இப்போதும் அப்படியே இருக்கிறது. படத்தில் மட்டும் அது எப்படி மறைந்தது?"

அவ்வளவுதான், எல்லாமே கம்ப்யூட்டர் வித்தை என்று ஆளாளுக்கு ஏறி மிதித்தார்கள்.

நடந்தது இதுதான். படத்தில் கோட்டின் மேல் நூல்பிசிறு தெரிந்திருக்கிறது. அண்ணிக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போனவளின் கண்ணில் அந்த ஓட்டை பட்டது, கை தானாக அடைத்துவிட்டது. பதினாறு வருஷத்துப் பழக்கம்!

"படத்தை எடுத்துடுங்க அண்ணி. ஒண்ணாந்தேதி என்கூட கிளம்புங்க," என்றேன்.

அவள் முகம் சிவந்திருந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். மடிக்கணினியை இழுத்து ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தாள். "ஐயா சொல்வது உண்மை. அந்தச் சின்ன ஓட்டையைப் படத்தில் அடைத்தது நான்தான். தப்பு. முழங்கை ஓட்டையை நிஜமாகவே துணியில் அடைத்தேன். துடைக்காத படத்தையும் போட்டிருக்கிறேன். கோட்டைக் கொண்டுவாருங்கள், இதையும் துணியிலேயே அடைத்துத் தருகிறேன்." வீட்டு விலாசத்தையும் போட்டாள்.

சனிக்கிழமை காலை வக்கீல் வந்தேவிட்டார். உட்காரக்கூட இல்லை, கோட்டை மேஜையில் விரித்தார்.

"முதல்ல முழங்கையைக் காட்டுங்கம்மா."

"நீங்களே பாருங்க சார்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலது கை, இடது கை, மறுபடி வலது கை. கடைசியில், "எந்தக் கைம்மா?" என்றார்.

அண்ணி இடது கையின் உள்துணியைக் கொஞ்சம் பிரித்துத் திருப்பினாள். டார்னிங் செய்கிறவர்கள் யாருக்கும் காட்ட விரும்பாத பக்கம் அது. வெட்டிவிட்ட இழைமுனைகள் தாடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அவளுக்குக் கூச்சமாக இருந்தது, எனக்கே தெரிந்தது. வக்கீல் கைபேசியை எடுத்தார்.

"போடுங்க சார். ஆனா ஒண்ணையும் துடைக்காதீங்க," என்றாள்.

சின்ன ஓட்டையை அவள் அடைத்து முடிக்கும்வரை ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே உள்பக்கப் படத்தைப் போட்டு எழுதினார்: "எந்தக் கை என்று கோட்டின் சொந்தக்காரனான எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை."

மாசக் கடைசிக்குள் பதினோரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் வக்கீல்கள். அடுத்த வாரத்துக்கும் வேலை சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒண்ணாந்தேதி நான் தனியாகத்தான் தொழிற்சாலைக்குப் போனேன்.

"எங்க உங்க அண்ணி? அவ்வளவு கெஞ்சினீங்களே!" என்று சூப்பர்வைசர் முறைத்தார்.

எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். பெருமைதான் தாங்கவில்லை.

"வரமாட்டாங்க சார்," என்றேன். "அவங்களுக்கு நேரமே இல்ல."