எவனுக்காக இந்த மொட்டை

நான் நகரியில் தறி ஓட்டுகிறவன். என் மகள் திருப்பதியில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி இன்டர் முதல் வருடம், அதாவது பிளஸ் ஒன், படித்தாள். தசரா லீவுக்கு வந்தவள் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். பையன் விவகாரம் என்று முடிவு கட்டினேன். வார்டனம்மாவும் போனில் அதைத்தான் சொன்னாள்: "லவ் மேட்டரா இருக்கும் சார், ஜாக்கிரதை." வாரப் பரீட்சை மார்க்கை வைத்து அவளை மூன்று முறை கீழ் செக்‌ஷனுக்குத் தள்ளியிருந்தார்கள். அதை வார்டன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் தூங்கும்போது பையைக் கொட்டித் தேடினேன். கடிதம் எதுவும் இல்லை. நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் மேலே தேதி மட்டும் இருந்தது. கீழே ஒரு எழுத்து இல்லை. கெட்டிக்காரி, எல்லாவற்றையும் ஒளித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் அவளே வாய் திறந்தாள். "நைனா, மலைக்குப் போயி மொட்டை போட்டுக்கினு வரலாமா?"

"யாருக்கு வேண்டிக்கின?"

"யாருக்கும் இல்ல."

பதினாறு வயதுப் பெண் சும்மா மொட்டை கேட்பாளா? எவனுக்கோ வேண்டுதல். "முடி போனா எந்தப் பையன்யா பாப்பான், யோசிச்சிப் பாரு" என்றாள் என் மனைவி. எல்லாம் நடிப்பு என்றேன். ஆள் யாரென்று கண்டுபிடிக்கத்தான் கூட்டிப் போனேன். பஸ்ஸில் எவன் அவளைத் திரும்பிப் பார்க்கிறான் என்றே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மலையில் மொட்டை அடிக்கிற அம்மா அவள் தலையில் தண்ணீர் தெளித்துப் பின்னலைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. மேலே பின்னல், உள்ளே தேங்காய் நார் மாதிரி ஒரே சிக்கு.

"துவ்வி என்னி ரோஜுலயிந்தி தல்லி?" என்றாள். சீப்பு வைத்து எத்தனை நாளாச்சு என்று.

"ரெண்டு மாசம்." மகள் என்னைப் பார்த்தாள். "கைய தூக்க முடியல நைனா. வாரணும்னு நெனச்சாலே அழுகை வருது. முடி இல்லன்னா அந்த வேலை இல்ல பாரு."

அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "வீட்டுல யாருக்கும் கண்ணு இல்லியா?" என்று தமிழில் என்னைக் கேட்டாள். பிறகுதான் மழித்தாள்.

கீழே இறங்கியதும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் போனோம். மாத்திரை கொடுத்தார். விடுதிக்குத் திருப்பி அனுப்பவில்லை. வார்டன் என்னிடம் வாங்கின திட்டை இங்கே எழுத முடியாது. எனக்கும் அதில் பாதி சேரும்.

இப்போது முடி காதளவு வந்திருக்கிறது. "நல்லாக்கீறேன் நைனா" என்கிறாள். நான் நம்புவதில்லை. காலையில் அவள் சீப்பை எடுத்துப் பார்ப்பேன். முடி ஒட்டியிருந்தால்தான் தறிக்குப் போவேன்.