எண்ணெய் காயாத பெஞ்சு

தோட்டத்து மரப் பெஞ்சு மழையிலும் வெயிலிலும் வெளுத்துப் போனதால், ஆளிவிதை எண்ணெய் பூச ஒருவரை அழைத்திருந்தோம். நெட்டையான மனிதர். பூசுவதற்கு முன் பலகையை விரலால் தட்டி, காதை ஒட்டிவைத்துக் கேட்பார். ஈரம் ஏறிய மரம் மந்தமாக ஒலிக்குமாம்.

துடைப்பதற்குத் தறிவீடுகளில் கழியும் நூலை வைத்திருந்தார். ஆரணியில் அதற்குப் பஞ்சமில்லை. மாலையில், எண்ணெயில் ஊறி மூட்டையாகக் கிடந்த அந்த நூலிலிருந்து புகை வந்தது. பக்கத்தில் நெருப்பே இல்லை.

"அண்ணே, எண்ணெய் நூலைக் குவிச்சு வெச்சா தானாவே பத்திக்கும்!" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரை ஊற்றினேன். கல்லூரியில் படித்ததுதான். கண்ணால் பார்த்ததில்லை.

அவர் முகம் வெளிறியது. "ஐயோ, காலைல சேவூர்ல ஊஞ்சலுக்குப் பூசிட்டு மூட்டைய தறி ரூம்புல வெச்சிட்டு வந்துட்டேன்மா! அங்க கொழந்த தூங்கிகினு இருந்துச்சு!"

அந்த வீட்டுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மரத்தைக் கேட்பதுபோலவே அசையாமல் போனைக் காதில் அழுத்திக்கொண்டார்.

எடுத்தார்கள். "மூட்டைய தெருவுல வீசுங்க, ஜல்தி!" என்று கத்தினார்.

"பொகை வந்ததுமே வீசிட்டோம்ணே, கொழந்தைக்கு ஒண்ணுமில்ல. கை வெக்க முடியல, அவ்ளோ சூடு" என்றது ஒரு பெண்குரல்.

போனை வைத்துவிட்டுக் காயாத பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் லுங்கி பதிந்த தடம் இன்னும் அதில் இருக்கிறது. இன்னொரு பூச்சு போடச் சொல்கிறாள் அம்மா. நான்தான் தள்ளிப்போடுகிறேன்.