வண்டியை விட்டு இறங்காத தங்கை

கடலோரச் சாலையில் வேன் ஓட்டும் அந்த அம்மாளை ஊரில் எல்லாரும் சன்னலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். 'இடது பக்கச் சன்னல்ல பாருங்க, வலது பக்கச் சன்னல்ல பாருங்க' என்று சுற்றுலாப் பயணிகளிடம் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பேர். பெற்றவர்கள் வைத்த பேரைக் கேட்டால் அவளே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள்.

காலையில் முதலில் கலங்கரை விளக்கம். அடுத்து, பாறை உச்சியில் நிற்கிற பழைய கோட்டை. பீரங்கி வைத்த ஓட்டைகளில் இப்போது கடற்பறவைகள் குடித்தனம் நடத்துகின்றன. மதியச் சாப்பாடு அவள் வீட்டு முன்னறையிலேயே. சமையல் அவள் புருஷன் பொறுப்பு. அன்றைக்குக் கரைக்கு வந்த மீனை உப்பும் எலுமிச்சையும் தடவிச் சுட்டு, சூடான ரொட்டியோடு வைப்பார். அடடா, என்ன எளிமை என்று பயணிகள் கொண்டாடுவார்கள். மனுஷனுக்கு வேறு எதுவும் சமைக்கத் தெரியாது என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. வயிறு நிறைந்த பிறகு மலைச்சரிவில் இருக்கிற திராட்சைத் தோட்டம். அங்கே ஒயின் ருசி பார்த்துவிட்டு, கன்னம் சிவந்து, எல்லாரும் எல்லாருக்கும் சொந்தக்காரர்களாகி வண்டியில் ஏறுவார்கள்.

அந்தத் தோட்டம் சன்னலம்மாவின் அக்காவுடையது. வம்பும் அங்கேதான்.

பல வருஷத்துக்கு முன்னால் அக்கா தன் கையாலேயே பிழிந்து, ஊற வைத்து, பொத்திப் பொத்திப் பாதுகாத்து முதல் ஒயினை எடுத்தாள். முதல் கோப்பையைத் தங்கையிடம்தான் நீட்டினாள். ஒரு வேன் நிறையப் பயணிகள் சுற்றி நின்றார்கள். தங்கை ஒரு வாய் குடித்தாள், முகத்தை அஷ்டகோணலாக்கினாள். "இதைக் குடிக்க வேணாம்க்கா, வினிகர் மாதிரி சாலட்ல ஊத்திக்கலாம்" என்றாள். வாய் இருக்கிறதே, அது சும்மா இருந்தால்தானே? பயணிகள் கொல்லென்று சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "இனிமே என் தோட்டத்துல நீ காலெடுத்து வைக்காதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தங்கைக்கு மட்டும் ரோஷம் குறைச்சலா? காலைத்தானே வைக்கக் கூடாது, சக்கரம் போகலாமே என்று மறுநாளே வண்டியைத் தோட்டத்து முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். பயணிகள் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. அன்றிலிருந்து அதுதான் வழக்கம். உள்ளே அக்கா ஒயின் ஊற்றுவாள், வெளியே தங்கை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

பேச்சு நின்றுபோனதாக நினைத்துவிட வேண்டாம். அதைச் சுமக்கத்தான் பயணிகள் இருந்தார்களே. இறங்குகிற கூட்டத்தில் சாதுவாக ஒரு ஆளைப் பிடித்து, "உள்ள இருக்கிறவங்களுக்கு முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வாங்க" என்பாள். அந்த ஆள் கோப்பையும் கையுமாகத் திரும்பி வந்து, "வலி இருக்கிறவங்களுக்கு இருக்கத்தான் செய்யும், வண்டியில உக்காந்திருக்கிறவங்களுக்கு என்னவாம்னு கேக்கறாங்க" என்பார். "மருந்து தடவச் சொல்லுங்க." "தடவித் தடவிக் கைதான் வலிக்குதாம்." அக்கா புருஷன் இறந்து துக்கம் கேட்டதும் இப்படித்தான். அந்தச் சேதியைக் கொண்டுபோன பெண் அழுதுகொண்டே போய் அழுதுகொண்டே திரும்பி வந்தாள். பயணிகள் பலரும் இதைச் சுற்றுலாவில் சேர்ந்த ஒரு விளையாட்டு என்றே நினைத்துக்கொண்டார்கள். கோட்டையைவிட இதுதான் பிரமாதம் என்று ஒருத்தர் சொன்னபோது சன்னலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மற்றபடி அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஓட்டப் பிடித்த வண்டி, தினமும் பார்த்தும் அலுக்காத கடல், அதட்டிப் பேசத் தெரியாத புருஷன். அக்காதான் தொண்டையில் சிக்கிய மீன்முள்.

இந்த வருஷம் அறுவடைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது கடலோரச் சாலையில் மண் சரிந்தது. பாதி மலை இறங்கி வந்து நடுச்சாலையில் உட்கார்ந்துகொண்டது. பயணிகள் வரத்து அடியோடு நின்றுபோனது. அறுவடை வாரத்தில் மட்டும் ஒரு கூத்து நடக்கும்: வருகிற பயணிகளே கூடையைத் தூக்கிக்கொண்டு பழம் பறிப்பார்கள். வெயிலில் முதுகு ஒடிய வேலை செய்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டுப் போவார்கள். அக்காவின் அறுவடை பாதி அந்தப் புண்ணியவான்களால்தான் நடந்தது. இந்தத் தடவை அவர்களும் இல்லை.

மழை வரப்போகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. பழுத்த திராட்சையில் மழை விழுந்தால் தோல் வெடிக்கும், பூசணம் பிடிக்கும், ஒரு வருஷத்து உழைப்பு குப்பைக்குப் போகும். சன்னலம்மா முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடந்தாள். ரேடியோவை அணைத்தாள், மறுபடி போட்டாள்.

"வேணும்னா அவ கூப்பிடட்டுமே" என்றாள்.

புருஷன் மீனைச் செதில் உரித்தபடியே கேட்டார்: "யார்கிட்ட சொல்லி அனுப்புவாங்க? ஆளே வரலையே."

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் வண்டிச் சாவியை எடுத்தாள்.

மழைக்குப் பயந்து கடலுக்குப் போகாமல் சீட்டாடிக்கொண்டிருந்த படகுக்காரர்களைப் புருஷன் போய் அழைத்து வந்தார். கோட்டைக்குப் பின்னால் தோட்டத்துக்கு ஏறுகிற ஒரு பழைய பாதை உண்டு. பெரிய பஸ் போகாது, இவள் வேன் போனாலே பெரிய விஷயம். இரண்டு பக்கமும் புதர் உரச, வண்டி மூச்சு வாங்கி ஏறியது. ஒரு திருப்பத்தில் வாய் தன்னையறியாமல், "இடது பக்கச் சன்னல்ல பாருங்க, கடல் எப்படி இருக்கு!" என்றது.

"தினம் அதுலதாம்மா கெடக்கோம்" என்றார் பின்னால் ஒருத்தர்.

முற்றத்தில் வண்டி நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், அவளைத் தவிர. அக்கா தாங்கித் தாங்கி நடந்து வந்தாள். இளைத்திருந்தாள். ஆட்களைப் பார்த்ததும் கூடைகளையும் கத்தரிகளையும் எடுத்துக் கொடுத்தாள். படகுக்காரர்கள் கீழ்ச்சரிவுக்குப் போனார்கள்.

"தம்பி, வண்டி ஓட்டுறவங்ககிட்ட சொல்லுங்க, நிழல்ல போடட்டும்னு" என்றாள் அக்கா, தங்கையின் புருஷனிடம்.

"என்னங்க, நிழல் எனக்குத் தெரியும்னு சொல்லுங்க" என்றாள் தங்கை.

மனுஷன் இரண்டு பேரையும் பார்த்தார். "நான் டூரிஸ்ட் இல்லக்கா" என்றார். "நீங்க ரெண்டு பேரும் என்னவோ பேசிக்குங்க." கூடையை எடுத்துக்கொண்டு அவரும் சரிவில் இறங்கிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் குரல் உயர்த்திப் பேசியது அன்றைக்குத்தான். அதுவும் பெரிய உயரமில்லை.

முற்றத்தில் இரண்டே பேர். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா கையில் ஒரு கத்தரி மீதி இருந்தது. வேனுக்குப் பக்கத்தில் வந்து, திறந்திருந்த சன்னல் விளிம்பில் அதை வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் மேல் வரிசைக்கு ஏறிப் போய்விட்டாள்.

தங்கை கத்தரியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். கதவைத் திறந்து இறங்கினாள்.

ஒரே வரிசையில், கொடிக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தங்கை. நடுவில் இலைகள். கத்தரிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஊரெல்லாம் கேட்க வருஷக்கணக்காகப் பேசிய வாய்க்கு, அன்றைக்கு ஒரு வார்த்தை வருவதற்குள் வியர்த்துவிட்டது.

"அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா."

அந்தப் பக்கம் கத்தரி நின்றது. இலைகளுக்கு நடுவே அக்காவின் கை தெரிந்தது, முகம் தெரியவில்லை. தங்கை என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே ஒரு கொத்தை வெட்டிக் கூடையில் போட்டாள். முதல் தூறல் அவள் புறங்கையில் விழுந்தது. அக்கா இப்படியே நகர்ந்து போய்விடுவாள், இனி எந்தப் பயணி வந்தாலும் சரியாகாது என்று அவளுக்குத் தோன்றியது.

இலைகள் விலகின. அக்காவின் முகம் எட்டிப் பார்த்தது. கண் கலங்கிச் சிவந்திருந்தது, குரல் மட்டும் காரசாரமாக வந்தது.

"இலையோட சேத்து வெட்டுறியேடி! இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் திராட்சைக் கதை சொன்னியே, ஒரு கொத்தை ஒழுங்கா வெட்டத் தெரியுதா உனக்கு?"

தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அடுத்த கொத்தையும் வேண்டுமென்றே இலையோடு வெட்டினாள்.