ஒரு காலுக்குத் தண்ணீர்

பேசச் சொன்னால் போதும், எனக்குச் சோறு வேண்டாம். இப்போதும் அப்படித்தான். கல்லூரியில் என்ன தலைப்பானாலும் எழுந்து நிற்கும் முதல் ஆள் நான். ஒரே ஒரு தலைப்பு வந்தால் மட்டும் செருப்பு வாரைச் சரி செய்கிறவள்போலக் குனிந்துகொள்வேன். ‘நோயாளியும் நம்மவரே’ என்கிற தலைப்பு. பத்து வயதில் அதைப் பேசிப் பரிசு வாங்கியவள் நான்.

அப்போது எங்கள் ஊரெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. வீடு பூதப்பாண்டிக்குப் பக்கம். அம்மாவுக்கு ஒரே ஒரு அண்ணன். அவருக்குக் குழித்துறைச் சந்தையில் துணிக்கடை. கடையில் இருக்கும்போது மாமாவைப் பார்க்க வேண்டும்! சுருட்டை முடியில் நடுவகிடு, தங்கப் பித்தான் போட்ட ஜிப்பா, வெற்றிலைச் சிவப்பில் ஒரு சிரிப்பு. முண்டு என்று நாங்கள் சொல்லும் வேட்டியை விரித்து, ஒரு உதறு உதறி, கண் மூடித் திறப்பதற்குள் மடித்து வைப்பார். சும்மா விலை கேட்க வந்தவர்கள்கூட வாங்காமல் போக மாட்டார்கள். பணப்பெட்டிக்குப் பின்னால் ஒரு காலை மட்டும் மடக்கி உட்கார்ந்திருப்பார். மற்றக் கால் கீழே, துணிக்கட்டுகளின் மறைவில் இருக்கும். அந்தக் காலில்தான் ஆனைக்கால்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. ‘அண்ணனுக்கு அந்த இது’ என்பாள் அம்மா. அமாவாசையையும் பௌர்ணமியையும் எங்கள் பக்கம் வாவு என்போம். வாவு நெருங்கினால் மாமாவுக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டும், குளிர் நடுக்கும், காய்ச்சல் கொதிக்கும். கடைக் கதவு திறக்காது. அம்மா பஞ்சாங்கம் பார்ப்பதே அதற்காகத்தான். முந்தின நாளே பொடியரிசியும் சுக்கும் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிடுவாள். அப்பா முதலில் முணுமுணுத்தார். பிறகு தானே குழம்பு வைக்கப் படித்துக்கொண்டார். காய்ச்சல் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் காலில் கொஞ்சம் கனத்தை வைத்துவிட்டுப் போகும். நெற்றியில் ஈரத்துணி போட மாமா சம்மதிப்பார். அம்மாவின் கை காலுக்குப் போனால் மட்டும் போர்வையை இழுத்துக்கொள்வார். “அங்க வேண்டாம் பிள்ளே” என்பார்.

பெண் பார்க்கப் போன வீடுகளில் மாமாவின் முகத்தைப் பார்த்து மலர்ந்தவர்கள், அவர் எழுந்து நடந்ததும் காப்பி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கொஞ்ச காலத்தில் மாமா பெண் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது சுகாதார இலாகாக்காரர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கண்ணாடிக் குப்பியில் நெளிகிற புழுக்களைக் காட்டினார். இதுதான் வளர்ந்து கொசுவாகும், கொசுதான் ஆனைக்காலைக் கொண்டுவரும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை ஒருவர் கரும்பலகையில் எழுதிவிட்டாரே! மறுநாளே வகுப்புப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய்க் குளத்தில் மிதந்த ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டேன். பேச்சுப் போட்டி வைத்தார்கள். “தொட்டால் ஒட்டாது! பக்கத்தில் உட்கார்ந்தால் வராது! கொசு கடித்தால்தான் வரும்! நோயாளியை வெறுக்காதீர்கள்!” என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கை வீச்சோடு முழங்கினேன். பரிசாகப் பச்சைக் காகிதம் சுற்றிய தாழம்பூ வாசனைச் சோப்பு ஒன்று கிடைத்தது. வீடு வந்து சேர்வதற்குள் முகர்ந்து முகர்ந்து என் மூக்கே மணக்க ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சோப்பை மாமாவுக்குக் கொடுத்தேன். “நித்தமும் காலைச் சோப்பு போட்டுக் கழுவணும் மாமா. அப்பத்தான் காய்ச்சல் கொறையும்” என்று இலாகாக்காரரின் குரலிலேயே சொன்னேன். மாமா அதை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு தரம் முகர்ந்து, பிரிக்காமல் பெட்டிக்குள் வைத்தார்.

“போடல்லியா மாமா?”

“நல்ல நாளுக்கு இருக்கட்டும் மக்கா. நீ அந்தப் பேச்ச ஒருக்கா பேசு, கேப்போம்.”

கடைப்பலகைமேல் ஏறி நின்று பேசினேன். துணி பார்த்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிக் கேட்டார்கள். மாமா வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும், “அந்தத் தொட்டா ஒட்டாதுன்னு வாற எடம் இருக்குல்லா, அத மட்டும் இன்னொருக்கா சொல்லு” என்றார். சொன்னேன். பிறகு போகும்போதெல்லாம் கேட்பார். எனக்கென்ன, சலிக்குமா?

ஆவணியில் மூத்த அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வழக்கப்படி தாய்மாமன் முகூர்த்தச் சேலைத் தட்டோடு பந்தல் வாசலுக்கு வர வேண்டும். வீட்டுப் பிள்ளை அவரைப் பலகையில் நிறுத்தி, மூக்கு வைத்த கிண்டிச் செம்பிலிருந்து தண்ணீர் விட்டுக் கால் கழுவி, சந்தனம் கொடுத்து உள்ளே கூட்டிப் போக வேண்டும். அவர் எடுத்துக் கொடுக்கிற சேலையில்தான் பெண் மணவறைக்கு வருவாள். நாங்கள் மூன்றும் பெண்கள். கடைக்குட்டியான எனக்குக் கிண்டி கிடைத்தது.

நானும் அம்மாவும் கடைக்குப் போய் அழைத்தபோது மாமா வர மாட்டேன் என்றார். “சேலைய ஆள்கிட்ட குடுத்து விடுதேன். இந்தச் சவத்துக் காலையும் தூக்கிக்கிட்டு அத்தன சனத்துக்கு முன்னால வந்து நிக்கணுமா?”

“அண்ணன் இல்லாதவளுக்குத்தான் சேலை ஆள்கிட்ட வரும்” என்றாள் அம்மா. “எனக்கு அண்ணன் இல்லியா?”

“மாப்பிள்ள வீட்டுக்காரன் பாத்தா?”

“பாக்கட்டுமே. ஒங்களப் பாக்காம அவன் எனக்கு என்ன சம்பந்தி?”

மாமா முகத்தைக் கடைக்கு வெளியே திருப்பிக்கொண்டார். அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா? “மாமா, தொட்டா ஒட்டாது! நாந்தான் கழுவப் போறேன். ரெண்டு காலையும் தேச்சுக் கழுவுவேன்!”

மாமா திரும்பினார். “கழுவுவியாட்டி?”

“சத்தியமா.”

“எல்லாரும் பாத்துக்கிட்டு நிப்பாவ.”

“நிக்கட்டும். அவங்களுக்கும் தெரியட்டும்!”

அவர் சிரித்துவிட்டார். “இவ பெரிய பிரசங்கிதான். செரி, வாறேன்.”

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பத்து வயதுப் பெண்ணுக்கு மடி எதற்கு என்று நான் நெளிந்தது நினைவிருக்கிறது.

கல்யாணத்தன்று பந்தல் வாசலில் மேளம் முழங்கியது. பச்சைப் பட்டுப் பாவாடையில், கையில் கிண்டியோடு நான் நின்றேன். என் வகுப்புப் பெண்கள் வரிசையாக வேடிக்கை பார்த்தார்கள். மாமா வில்வண்டியிலிருந்து இறங்கினார். தட்டு இரண்டு கையிலும் இருந்தது. முண்டு தரையில் புரண்டது. பலகையில் ஏறியதும் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் முண்டை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தார்.

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வலது காலில் தண்ணீர் விட்டேன். சொன்னபடியே தேய்த்தேன், விரலிடுக்கெல்லாம் கழுவினேன். மாமா அந்தக் காலைப் பின்னால் வைத்து, இடது காலை முன்னால் வைத்தார். அத்தனை கிட்டத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. முழங்காலிலிருந்து ஒரே கனமாக இறங்கி, பாதத்தின்மேல் மடிந்து கிடந்தது. மடிப்புக்கு அடியில் விரல்கள் குழந்தை விரல்போலச் சின்னதாகத் தெரிந்தன. நகங்களைப் புதிதாக வெட்டியிருந்தார்.

“அம்மாடி, தாய்மாமனுக்கா இப்பிடி?” மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தியின் குரல் என் தலைக்குமேல் கேட்டது. “பொண்ணு வீட்டுல இது உண்டுன்னு ஒருத்தரும் சொல்லல்லியே.”

என்னோடு ஆகாயத்தாமரை வாரியவள் குனிந்து என் காதில் கேட்டாள். “ஏட்டி, நீ அதத் தொடப் போறியா?”

தொட்டால் ஒட்டாது என்று எனக்குத் தெரியும். கை வீச்சோடு தெரியும். ஆனாலும் அந்தக் கை எழவில்லை. முகம் எரிந்தது. இது என் மாமா இல்லை, யாரோ என்று இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. கிண்டியைக் கீழே வைத்தேன். சந்தனக் கிண்ணத்தை எடுத்து, தலை நிமிராமல் நீட்டினேன்.

மாமா வாங்கவில்லை. நான் முறையை மாற்றிச் செய்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, முண்டைத் தூக்கிப் பிடித்தபடியே காத்திருந்தார். கால் அங்கேயே இருந்தது. மேளம் அதுபாட்டுக்கு முழங்கியது. உள்ளேயிருந்து அம்மா “ஏட்டி...” என்றாள்.

முண்டு இறங்கியது. “போதும் மக்கா” என்றார் மாமா. எல்லாருக்கும் கேட்கும்படி, கடையில் பேசுகிற அதே கலகலப்பில் சொன்னார்: “அந்தக் காலுல மருந்து தேச்சிருக்கு, தண்ணி படப்பிடாது. நாந்தான் பிள்ளைட்ட வேண்டாம்னு சொல்லி வச்சேன்.”

“அதுக்கென்ன, உள்ள வாரும்” என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

“கழுவாத காலோட பந்தலுக்குள்ள எப்பிடி வாறது? மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா!” சிரித்துக்கொண்டே தட்டை வாங்கி, ஓடி வந்த அம்மாவிடம் நீட்டினார். அம்மா கையை நீட்டவில்லை. “பிடி பிள்ளே, முகூர்த்தம் போவுது” என்றார். அம்மா பிடித்துக்கொண்டாள்.

அக்கா அந்தச் சேலையில்தான் மணவறைக்கு வந்தாள். தாலி ஏறும்வரை அவள் கண் வாசலுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. மாமா வெளியே சமையல்காரர்களுக்குப் பக்கத்தில், பலாமரத்தடியில் நின்றார். இலை போடும்போது பார்த்தேன், அங்கே இல்லை.

என்னை யாரும் திட்டவில்லை. அம்மாகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்றே நான் நினைத்தேன். மருந்து விஷயத்தை அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டேன். நல்ல வேளை, தண்ணீர் விட்டு அதைக் கெடுக்காமல் இருந்தோமே என்று ஒரு திருப்திகூட இருந்தது. என் சிநேகிதியிடமும் அப்படியே சொன்னேன்.

இரண்டாவது அக்காவின் கல்யாணத்துக்குச் சேலை ஆள்கிட்ட வந்தது. வாவுக் காய்ச்சலாம். அன்றைக்கு வாவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அம்மாவுக்கு அது பஞ்சாங்கம் பார்க்காமலே தெரியும். குழித்துறைக்குப் போனால் மாமா எனக்கு ரிப்பன் துணி கிழித்துத் தருவார், சிரிப்பார். பேச்சை மட்டும் கேட்க மாட்டார். ஒரு நாள் நானே கேட்டேன்: “பேசிக் காட்டட்டுமா மாமா?”

“அது எனக்கே மனப்பாடமாச்சே மக்கா” என்றார்.

பலகைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்த அந்த நிமிஷத்துக்கே என் நினைவு திரும்பத் திரும்பப் போகிறது. முண்டு இறங்கியபோது அதன் காற்று என் முகத்தில் அடித்தது. தாழம்பூ மணம் குப்பென்று வந்தது. நான் நன்றாக மூச்சிழுத்து முகர்ந்தேன். மாமா மருந்து என்று சொன்னதும், மருந்து இவ்வளவு வாசனையாகக்கூட இருக்குமா என்று ஆச்சரியப்பட்டேன்.