கியாய்க்கு ஒரு காது

யாராவது கெருபுக்கைக் கடித்துக்கொண்டு அருகில் வந்தால், இபு சுதார்மி இரண்டு காதிலிருந்தும் செவித்துணைக் கருவிகளைக் கழற்றி மடியில் போட்டுக்கொள்வார். இத்தனைக்கும் எங்கள் சோலோ நகரத்துச் சந்தில் அந்த மரவள்ளி அப்பளத்தைப் பொரித்து விற்பவரே அவர்தான். கருவி மாட்டிய முதல் நாள் தன் சரக்கைத் தானே கடித்துப் பார்த்து அரண்டு போனார். "அட ஆண்டவனே, இவ்வளவு சத்தத்தையா நான் இத்தனை வருஷமா ஊருக்கு வித்துக்கிட்டு இருந்தேன்?"

குள்ளமான, தடித்த பெண்மணி; சந்துக்கே இபு, அதாவது அம்மா. கொண்டையில் எண்ணெய் வாடை போகவே போகாது. வியாழக்கிழமை மாலைகளில் பொதுமண்டபத்தில் எங்கள் கமலான் வாத்தியக் குழு பயிற்சிக்குக் கூடும்போது, மரச்சட்டத்தில் தொங்கும் காங் என்ற பெரிய வெண்கலத் தட்டுக்குப் பக்கத்தில் உட்காருவார். அதைக் காங் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பெரியவரைக் கூப்பிடுவதுபோல் கியாய் மெண்டுங் என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும், வாரந்தோறும் பூ வைக்க வேண்டும். நாங்களெல்லாம் கை ஓயாமல் தட்டிக்கொண்டிருப்போம். அவர் மட்டும் பாட்டின் ஒரு சுற்று முடியும்வரை சும்மா இருந்துவிட்டு ஒரே ஒரு அடி அடிப்பார். "நீங்கல்லாம் சமைங்க, நான் பரிமாறுறேன்" என்று எங்களைச் சீண்டுவார்.

அந்த ஒற்றை அடிக்குத்தான் ஆபத்து வந்தது. காது மந்தமாகி, மேளக்காரர் தட்டிக் கொடுக்கும் சைகை கேட்காமல், ஒருநாள் சுற்று பாதியில் இருக்கும்போதே பரிமாறிவிட்டார். குழுவை நடத்துகிற பிடில்காரர் பாக் ஹர்ஜோனோ கறாராகச் சொன்னார்: "காதுக்கு மெஷின் மாட்டிக்கிட்டு வாங்க, இபு. ஆகஸ்ட் சுதந்திர விழாவுக்குள்ள சரியாகலேன்னா என் மருமகன் அங்க உக்காரட்டும்." அந்த மருமகனுக்கும் தாளத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

கருவி வந்தது. மேளம் துல்லியமாகக் கேட்டது. ஆனால் கியாய் போய்விட்டார். அடித்தபின் அலை அலையாக உருண்டு போகும் அந்த நாதம் சட்டென்று அறுந்தது. "டொங்குன்னுட்டு வாயை மூடிக்கிறாரு. யாரோ கழுத்தைப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதார். புருஷன் செத்தபோதுகூட, வந்தவர்களுக்குக் கெருபுக் பொரித்துக்கொண்டிருந்த மனுஷி. எனக்குத் தாங்கவில்லை. கருவி விற்ற கடைக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் சிஹோம்பிங், வேறு தீவிலிருந்து வந்த மேடான் பக்கத்து ஆள். நிதானமாக விளக்கினார். "இது பேச்சுக்குன்னே செஞ்ச மெஷின், இபு. ஒரே சுதியில நீளமா சத்தம் வந்தா, தானே விசில் அடிக்குதுன்னு நினைச்சு அமுக்கிடும்."

"கியாயோட குரல் விசிலா? நீங்களே வந்து அவர்கிட்ட சொல்லுங்க!"

மனிதர் நிஜமாகவே அடுத்த வியாழன் மடிக்கணினியோடு வந்தார். வந்த அவசரத்தில் என் வாத்தியத்தைத் தாண்டிக் கால் வைத்தார். மண்டபமே அலறியது. வாத்தியத்தை யாராவது தாண்டுவார்களா? ஹர்ஜோனோ அவர் கையில் பூவைத் திணித்து, கியாய்முன் உட்கார வைத்தார்.

"மன்னிச்சிடுங்க கியாய், நான் வெளியூரு" என்று கும்பிட்டார் பாவம்.

பிறகு விசிலை அமுக்கும் வேலையைக் கருவியில் நிறுத்தி வைத்தார். உடனே வலது காதுக் கருவி கீச்சென்று கத்தியது. ஹர்ஜோனோ தன் பிடில்தான் சுதி விலகிவிட்டதென்று முறுக்கத் தொடங்கி, கம்பியை அறுத்துக்கொண்டார். "சீ, சனியனே!" என்று இபு அந்தக் கருவியைப் பிடுங்கி எறிந்தார். எரிச்சலில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். கியாயின் பக்கம் இருந்த வெறும் காதில் அந்த அடிநாதம் உருண்டு வந்துகொண்டிருந்தது. மந்தமான காதும் அதை இன்னும் இழக்கவில்லை.

"இடது காது மேளத்துக்கு. வலது காது கியாய்க்கு" என்று எங்களுக்கு அறிவித்தார்.

"அப்ப பாதிப் பணம் திருப்பித் தரணுமா?" என்று கவலைப்பட்டார் சிஹோம்பிங்.

விழாவன்று மருமகன் புதுத் தொப்பியோடு பின்னாலேயே தயாராக இருந்தான். மேளம் சைகை கொடுத்தது. எங்கள் கைகளெல்லாம் மெல்ல ஓய்ந்தன. இபு ஒரு கணம் எங்களைத் தவிக்கவிட்டு, அதற்குப்பின் அடித்தார். அங்கேதான் விழ வேண்டும், அங்கேயே விழுந்தது. ஹர்ஜோனோ திரும்பி மருமகனைப் பார்த்து, போய்ச் சாப்பிடு என்று கைகாட்டினார்.

கியாய் இன்னும் உருண்டுகொண்டிருந்தார். அதற்குள் சந்துத் தலைவர் மைக்கைப் பிடித்து, "பெருமதிப்புக்குரிய பெரியோர்களே" என்று ஆரம்பித்துவிட்டார். இபு சுதார்மி, பேச்சுக்கென்றே செய்த அந்தக் கருவியை இடது காதிலிருந்து கழற்றினார். கெருபுக் டப்பாவுக்குள் போட்டு மூடியை அழுத்தி மூடினார். பிறகு வலது காதைக் கியாயின் பக்கம் சாய்த்துக்கொண்டார்.